வண்டி ஏறுறதுக்கு முன்னாடி மொதலாளிகிட்ட என்னென்ன கேக்கோணும்?

ஆறுசக்கரத்தான் | சனி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு ஊரு ராசிபுரம் பக்கம். மூணு வருசமா ஆறு சக்கர வண்டில திருப்பூர் பனியன் லோடுதான் ஓட்டிட்டு இருக்கறேன். ஹெவி லைசென்ஸ் வந்துருச்சு. இப்ப ரெண்டு எடத்துல கூப்புடறாங்க.

ஒண்ணு சங்ககிரில, ஆறு வண்டி வெச்சிருக்கற மொதலாளி. பதினாலு சக்கரம், நேஷனல் பர்மிட். வாடகைல நூத்துக்குப் பத்துன்னு சொல்றாரு, மாசச் சம்பளம் கெடையாது. இன்னொண்ணு கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி, கண்டெய்னர் வண்டி. ஆள் எடுக்கற பையன் போன்லயே "மாசம் முப்பத்தஞ்சு வரைக்கும் பாக்கலாங்க ப்ரோ"ன்னான். அந்த "வரைக்கும்"தான் இடிக்குது.

ரெண்டு பக்கமும் என்ன கேட்டுட்டு சேரறது? நெம்ப கேட்டா வம்புக்காரன்னு நெனச்சுருவாங்களோன்னும் இருக்குது.


சங்ககிரி பெருசு | சனி, இரவு 10:15

கண்ணு, நான் ஸ்டேரிங் புடிச்சு 31 வருசமாச்சு. வண்டி ஓடுனா எவ்வளவுன்னு எல்லாப் பயலும் கேட்டுட்டுத்தான் ஏறுவான். வண்டி நின்னா எவ்வளவுன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான். நீ அதைய மொதல்ல கேளு.

ஒருக்கா சேலத்துல ஜவ்வரிசி ஏத்திக்கிட்டு கல்கத்தா போனேன். குடோன்ல எடமில்லைன்னுட்டான். ஒம்பது நாளு. தார்பாய் மேல மழை, வண்டிக்கு அடீல சமையலு. மொதலாளிக்குப் போன் பண்ணுனா "பாக்கறேன், பேசறேன்". கடைசீல சரக்குப் பார்ட்டிகிட்ட ஹால்டிங் காசு, அதான் வண்டி காத்துக்கிடந்த நாளுக்கான காசு, வாங்கீட்டாப்ல. அது எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, புக்கிங் ஆபீஸ் பையன் அடுத்த நடைல வாய் தவறிச் சொல்லிப்போட்டான். எனக்கு வந்தது நூத்துக்குப் பத்துல வந்த பழைய படி மட்டுந்தான். ஒம்பது நாளு சோத்துச் செலவு என்ற மடீல.

அதனால மூணு கேள்வி. லோடு எறக்க லேட்டானா எத்தனாவது நாள்ல இருந்து காசு? பட்டறைல வண்டி நின்னா என்ன? ரிட்டன் லோடு கெடைக்காம நாசிக்லயோ நாக்பூர்லயோ குந்தியிருந்தா என்ன? இந்த மூணுக்கும் ரூவாயில பதில் வரோணும். "பாத்துச் செய்யறோம்"ங்கறது பதில் இல்ல.

அப்பறம் நூத்துக்குப் பத்துங்கறானே, எந்த வாடகைல? பார்ட்டி குடுக்கற வாடகைலயா, புரோக்கர் கமிசனு, ஏத்துக்கூலி, மாமூலு எல்லாம் கழிச்சு மிச்சத்துலயா? எல்.ஆர். காப்பில, அதான் லோடு ஏத்துனதுக்குக் குடுக்கற லாரி ரசீதுல, வாடகை எழுதியிருந்தாப் பாரு. "டு பே"ன்னு, சரக்கு எடுக்கறவன் வாடகை கட்டுவான்னு மட்டும் இருந்தா வாயத் தொறந்து கேளு.


கீரம்பூர்க்காரன் | சனி, இரவு 10:22

ஒரிஜினல் லைசென்ஸக் கேட்டா குடுக்காத. செராக்ஸ் குடு. போன்ல டிஜிலாக்கர்ல காட்டு. ஒரிஜினல் அவன் பீரோவுக்குள்ள போச்சுன்னா நீயும் உள்ள போனமாதிரிதான்.


மூணு வண்டி மொதலாளி | ஞாயிறு, காலை 6:50

இங்க ஒரு மொதலாளியும் இருக்கறேனுங்க, திட்டறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க. நானும் பதினஞ்சு வருசம் ஓட்டுனவன்தான். கடன் வாங்கி ஒண்ணு, அப்பறம் ரெண்டு, இப்ப மூணு.

போன ஆடி மாசம் ஒருத்தன் முப்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கிட்டு, வண்டிய ஹூப்ளி பக்கத்துல ஒரு தாபாவுல உட்டுட்டு, சாவிய சீட்டுக்கு அடீல வெச்சுட்டுப் போயிட்டான். லோடோட! ஆளு புடிச்சு, பஸ்ல தாட்டி உட்டு வண்டிய எடுக்கறதுக்குள்ள நாலு நாளு. ஒரு டயரு இருவதாயிரத்துக்கு மேல விக்கிது, டியூ தேதி யாருக்காகவும் நிக்காது. ஹால்டிங் காசு பார்ட்டி குடுத்தாத்தானுங்க நாங்க குடுக்க முடியும்? பாதிப்பேரு குடுக்கறதே இல்ல.

ஆனா பெருசு சொன்னதுல ஞாயம் இருக்குது. வந்தா பங்கு குடுக்கோணும். நான் மூணாவது நாள்ல இருந்து நாளைக்கு ஐந்நூறு குடுக்கறேன், பார்ட்டி குடுத்தாலும் குடுக்காட்டியும்.

தம்பிக்கு ஒரு ரோசனை. எந்த மொதலாளிகிட்டயும் கடைசி மூணு நடைக்கான டிரிப் சீட்ட, அதான் ஒவ்வொரு நடையோட வரவு செலவுக் கணக்குத் தாள, கேட்டுப் பாருங்க. டீசல் எவ்வளவு, டோல் எவ்வளவு, படி எவ்வளவு, எங்க பிடிச்சிருக்கான்னு அதுலயே தெரிஞ்சுரும். அப்படியே அந்த நடை ஓட்டுன டிரைவர் நம்பரையும் வாங்கிக்கோங்க.


வேலூர் மைலேஜ் | ஞாயிறு, காலை 8:05

பரமத்தி வேலூருங்க, ஆர்க்காட்டு வேலூர் இல்ல. டிரிப் சீட்டுன்னதும் வந்துட்டேன்.

பிடிக்கறதுல பாதி டீசல்லதான் பிடிப்பாங்க. "நம்ம வண்டி லிட்டருக்கு மூணரை கிலோமீட்டர் குடுக்குமப்பா"ன்னு சிரிச்சுக்கிட்டுச் சொல்லுவாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. போக வர 2,400 கிலோமீட்டர்னு வெச்சுக்கோங்க. மூணரைன்னா 686 லிட்டர். நெசத்துல வண்டி மூணு புள்ளி ரெண்டுதான் குடுக்குதுன்னா 750 லிட்டர். வித்தியாசம் 64. லிட்டர் 92 ரூவாய்னா அய்யாயிரத்துத் தொள்ளாயிரம் ரூவா உங்க தலையில. ஒரு நடைக்கு!

அதனால கேக்க வேண்டியது இது: இந்த மூணரை லோடோடயா, காலியாவா? தொப்பூர் ஏத்தத்துல முப்பது டன்னோட மொனகிக்கிட்டுப் போறதுக்கும், ஆந்திராவுல நேர் ரோட்டுல போறதுக்கும் ஒரே மைலேஜா? ஹால்டிங்ல ராத்திரி ஏசி போட்டுப் படுத்தா அந்த டீசல் யாரு கணக்கு? பி.எஸ். 6 புது வண்டின்னா, பொகையச் சுத்தம் பண்ண ஊத்தற ஆட் புளூ யாரு ஊத்தறது? மொத நடைக்கு முன்னாடி டேங்க் ரொப்பி, வந்ததும் மறுபடி ரொப்பி, அளந்து பாத்துட்டு அப்பறமா மைலேஜ் பேசிக்கலாம்னு சொல்லுங்க. ஒத்துக்கற மொதலாளி நல்ல மொதலாளி.


மூணு வண்டி மொதலாளி | ஞாயிறு, காலை 8:31

டீசல் விக்கற டிரைவரையும் பத்தி ரெண்டு வரி எழுதறது.


வேலூர் மைலேஜ் | ஞாயிறு, காலை 8:34

எழுதலாமுங்க. அது வேற இழை, அதுல நீங்கதான் மொத ஆளா வரோணும் :)


டிரைவர் ஊட்டம்மா | ஞாயிறு, மதியம் 1:20

நான் வண்டி ஓட்டறவ இல்லீங்க. எங்க ஊட்டுக்காரரு ஓட்டுனாரு. தம்பி கேட்டதப் பாத்துட்டு எழுதாம இருக்க முடியல.

மூணு வருசத்துக்கு முன்னாடி தொப்பூர்ல முன்னாடி போன வண்டி பிரேக் புடிச்சதுல இவரு வண்டி மோதி, கால் கேபினுக்குள்ள சிக்கிக்கிச்சு. அப்ப அவருக்கு நாப்பது வயசு. கால் இருக்குது, ஆனா கிளச் மிதிக்க முடியாது. ஓட்டற வேலைக்குச் சேரறப்ப மொதலாளி "இன்சூரன்ஸ் பதினஞ்சு லட்சத்துக்கு இருக்கும்மா, ஏன் பயப்படறீங்க"ன்னு எங்கிட்டயே சொன்னாரு. காயிதத்த எடுத்துப் பாத்தா அந்தப் பதினஞ்சு லட்சம் சொந்தக்காரரே ஓட்டுனா மட்டுந்தான். சம்பளத்துக்கு ஓட்டறவங்களுக்கு அது வராது. இது எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாதுங்க.

டிரைவருக்கு வர்றது வேற. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்னு 1923 லேயே போட்டது, 2025 நவம்பர்ல சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு. வண்டி பாலிசிலயே அந்தப் பொறுப்பு அடங்கும், சம்பள டிரைவருக்குன்னு தனியா ஒரு சின்ன பிரீமியம் வரி பாலிசில இருக்கும். அதக் கண்ணால பாருங்க.

இனி நான் சொல்றதத்தான் கவனிக்கோணும். அந்த இழப்பீட்ட எப்படிக் கணக்குப் போட்டாங்கன்னா, மாசச் சம்பளத்துல அறுவது சதம், அதை வயசுக்கு ஒரு எண் வெச்சுப் பெருக்கறாங்க. நாப்பது வயசுக்கு 184.17. அப்பறம் சம்பாதிக்கற சக்தி எத்தனை சதம் போச்சோ அத்தனை சதம். இவருக்கு முப்பதுன்னு டாக்டர் எழுதுனாரு. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பதினஞ்சாயிரம் வரைக்குந்தான் அப்ப எடுத்துக்கிட்டாங்க. பதினஞ்சாயிரம்னா கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் வந்திருக்கோணும்.

எங்களுக்கு வந்தது ரெண்டு லட்சத்து அறுவத்தஞ்சாயிரம். ஏன்னா கையில இருவதாயிரத்துக்கு மேல வந்தாலும், மொதலாளி ஏட்டுல எழுதி வெச்சிருந்தது எட்டாயிரம். மிச்சமெல்லாம் படி. வழிச்செலவுக்குக் குடுக்கற படியச் சம்பளமா எடுத்துக்கலைங்க. பேங்க்ல போட்டிருந்தா காட்டியிருக்கலாம், எல்லாம் ரொக்கம். டிரிப் சீட்டு ஒண்ணு கூட ஊட்டுல இல்ல.

தம்பி, சம்பளம் எவ்வளவுன்னு கேக்காத. ஏட்டுல எவ்வளவுன்னு கேளு. அதைய பேங்க்ல போடச் சொல்லு. டிரிப் சீட்ட ஒவ்வொரு நடைக்கும் போன்ல படம் புடிச்சு ஊட்டுக்கு அனுப்பு. ஊட்டுல யாராச்சும் ஒருத்தர் பத்திரமா வெச்சுக்கோணும்.


சங்ககிரி பெருசு | ஞாயிறு, மதியம் 2:02

அம்மிணி, 31 வருசத்துல எனக்கு இது தெரியாது. என்ற ஏட்டுல எவ்வளவுன்னு நாளைக்கு காலைல கேக்கறேன்.


ஆறுசக்கரத்தான் | ஞாயிறு, மதியம் 2:40

அக்கா, நெம்ப நன்றிங்க்கா. அப்ப சங்ககிரி ஆளு நூத்துக்குப் பத்துன்னு மட்டும் சொல்றாரே, மாசச் சம்பளமே இல்லைன்னா ஏட்டுல என்ன இருக்கும்?


டிரைவர் ஊட்டம்மா | ஞாயிறு, மதியம் 2:55

அதத்தான் நீ போயி கேக்கோணும் சாமி.


கண்டெய்னர் கருமத்தம்பட்டி | ஞாயிறு, மாலை 5:10

கம்பெனி பக்கம் நான் சொல்றேன். ஆறு வருசமா கண்டெய்னர்தான், இப்ப ரெண்டாவது கம்பெனி.

கம்பெனின்னா எல்லாம் சுத்தமா இருக்கும்னு நெனைக்காதீங்க. ஆள் எடுக்கற பையனுக்கு ஆள் சேத்துனா இன்சென்டிவ். அவன் வண்டியே ஏறியிருக்க மாட்டான். அவன் சொல்றதுல "வரைக்கும்", "சராசரியா", "நல்லா ஓட்டுனா" எல்லாத்தையும் அடிச்சுட்டு மிச்சத்தப் பாருங்க. முப்பத்தஞ்சுல நெலையான சம்பளம் எவ்வளவு, கிலோமீட்டர் படி எவ்வளவு, போன மாசம் ஒரு டிரைவர் கைக்கு வந்தது எவ்வளவுன்னு தனித்தனியாக் கேளுங்க. அவங்க சொல்ற தொகைல கம்பெனி கட்டற பி.எஃப். பங்கும் சேந்திருக்கும், அது மாசக் கடைசில கைக்கு வராது.

இ.எஸ்.ஐ.ங்கற அரசு மருத்துவக் காப்பீடு மாசச் சம்பளம் 21,000 வரைக்குந்தான். சம்பளம் அதுக்கு மேலன்னா இ.எஸ்.ஐ. இல்ல, அப்ப குரூப் விபத்து இன்சூரன்ஸ் இருக்கான்னு கேட்டு, கார்டு கையில வாங்கிக்கோணும். சின்ன மொதலாளிகிட்ட பத்துப் பேருக்குக் கொறைவா இருந்தா இதெல்லாம் பேசவே வராது. இந்த ஒரு விசயத்துல கம்பெனி மேல்தான்.

அபராதத்தக் கேளுங்க. ஜி.பி.எஸ்.ல ஸ்பீடு தாண்டுனா எவ்வளவு, திடீர் பிரேக் அடிச்சா எவ்வளவு, லேட்டா போனா எவ்வளவு. எங்க பழைய கம்பெனில 80க்கு மேல போனாலும் ஃபைன், நேரத்துக்குப் போகலைன்னாலும் ஃபைன். ரெண்டையும் ஒட்டுக்கா எப்படிக் காப்பாத்தறதுன்னு அந்த மேனேஜர் கடைசி வரைக்கும் சொல்லல.

வேலை நேரத்தையும் கேக்கலாம். நாளைக்கு எட்டு மணி நேரம், நீண்ட தூரம்னா பத்துன்னு 1961 மோட்டார் தொழிலாளர் சட்டத்துலயே எழுதியிருந்ததுதான், 2025 நவம்பர்ல அதுக்குப் பதிலா புதுச் சட்டத் தொகுப்பு வந்துருச்சு. படிச்சுட்டுச் சிரிச்சுக்கலாம். ஆனா ராத்திரி பன்னண்டுக்கு மேல வண்டிய ஓரங்கட்டுனா போன் பண்ணித் திட்டுவாங்களான்னு அங்க ஓட்டறவன்கிட்ட கேளுங்க. அதுதான் நெசமான வேலை நேரம்.


கீரம்பூர்க்காரன் | ஞாயிறு, மாலை 5:18

கம்பெனில ஊட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா உடுவாங்க? நோம்பிக்கு லீவு கெடைக்குமா? அதுதான் மொதக் கேள்வியா இருந்திருக்கோணும்.


கண்டெய்னர் கருமத்தம்பட்டி | ஞாயிறு, மாலை 5:26

மாசத்துக்கு நாலு நாள்னு தாள்ல இருக்கும். மூணு மாசம் கழிச்சு மொத்தமா எடுத்துக்கறியான்னு கேப்பாங்க. மாரியம்மன் நோம்பிக்கு நான் ஊருக்குப் போயி ரெண்டு வருசமாச்சு. சங்ககிரி மொதலாளின்னா அவருக்கும் அதே நோம்பிதான், வண்டிய ஊருக்குக் கொண்டாந்து நிப்பாட்டிருவாரு. இத நான் கம்பெனிக்காரனாவே ஒத்துக்கறேன்.


பத்துச்சக்கரம்_பவானி | ஞாயிறு, இரவு 8:00

ஓவர்லோட ஒருத்தரும் பேசலையே.

சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000, அதுக்கு மேல ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. 2019 திருத்தத்துல வந்தது. "ஃபைன் வந்தா நான் கட்டறேன்"னு எல்லா மொதலாளியும் சொல்லுவாங்க, பாதிப்பேரு கட்டவும் செய்வாங்க. ஆனா ஓவர்லோடுக்கு லைசென்ஸ மூணு மாசம் சஸ்பெண்டு பண்ணுவாங்க. ஃபைன் அவருது, லைசென்ஸ் உன்றது. அந்த மூணு மாசத்துக்கு என்ன தருவீங்கன்னு கேளு. பெருசு சொன்ன நிக்கற நாள் கணக்குல இதும் வருது பாரு.

"லோடு சாஸ்தின்னா நான் எடுக்கமாட்டேன், அதுக்காக வண்டிய உட்டு எறக்கக் கூடாது"ன்னு ஆரம்பத்துலயே சொல்லிப்போடு. நான் சொல்லாம ஏறி, மத்தியப் பிரதேசத்துல பட்டேன். அந்தக் கதை வேண்டாம்.


டேங்கர்_திருச்செங்கோடு | ஞாயிறு, இரவு 9:12

தம்பி கேஸ் டேங்கர் பக்கம் வரமாட்டியா? நாமக்கல்ல டேங்கர்க்குத்தான் எப்பவும் ஆளு தேடறாங்க. மூணு நாளு ஆபத்தான சரக்குப் பயிற்சி முடிச்சு, லைசென்ஸ்ல பதிஞ்சுக்கோணும். பயிற்சிக் காசு யாரு கட்டறது, அதுக்காக எத்தனை மாசம் இருந்தே தீரோணும்னு கேளு. சில எடத்துல அதைச் சாக்கு வெச்சு வெத்துத்தாள்ல கையெழுத்து வாங்கறாங்க. போடாத.

இன்னொண்ணு, ரெண்டாவது ஆளு. ஏட்டுல ரெண்டு பேரா, வண்டில ரெண்டு பேரா? 2025 மார்ச்சுல தென்மண்டல டேங்கர் ஸ்டிரைக் நடந்துச்சே, அப்பப் பேசுன பிரச்சனைல மாத்து ஆளு இல்லாட்டி அபராதம்ங்கறதும் ஒண்ணு. அபராதம் மொதலாளிக்கு வலிக்கும், சரி. தனியா ஓட்டறவனுக்குத் தூக்கம் வலிக்கும். பாட்லிங் பிளாண்டு கியூவுல நாள்கணக்கா நிக்கறதும் உண்டு, அதுக்கும் நிக்கற நாள் காசு கேட்டுக்கோ.


ஆறுசக்கரத்தான் | ஞாயிறு, இரவு 9:30

டேங்கர் வேண்டாமுங்கண்ணா, அம்மா பயப்படுது.


தம்மாம் ரிட்டன் | திங்கள், காலை 7:15

ஊருக்குள்ளயே மொதலாளி மூஞ்சியப் பாத்து கேக்கலாம், நீங்க குடுத்து வெச்சவங்க. நான் ஏஜென்ட்ட நம்பி சவுதிக்குப் போனவன். டிரெய்லர்னு சொல்லி ஏத்துனான், எறங்குனா ஊட்டு டிரைவர் விசா. ஒன்றரை வருசம் ஒரு ஊட்டுப் புள்ளைங்கள பள்ளிக்கோடத்துக்குக் கொண்டு போய் உட்டேன். ஹெவி லைசென்ஸ் பெட்டில கெடந்துச்சு.

யாராச்சும் வெளிநாடு போற ரோசனைல இருந்தா, ஏஜென்ட்டு பேரு வெளியுறவுத் துறையோட இ-மைக்ரேட் பதிவுல இருக்கான்னு பாருங்க. கூலியா முப்பதாயிரமும் அதுக்கு ஜி.எஸ்.டி.யும், அவ்வளவுதான் வாங்கோணும். எங்கிட்ட ஒன்றரை லட்சம் வாங்குனான், ரசீது கெடையாது. விசாவுல என்ன வேலைன்னு போட்டிருக்குதுன்னு அரபி படிக்கத் தெரிஞ்சவங்ககிட்டக் குடுத்துப் படிச்சுட்டு ஏறுங்க. ஏர்போர்ட்டுக்குள்ள போனதுக்கப்பறம் படிக்கறதுல பிரயோசனம் இல்ல.


கீரம்பூர்க்காரன் | திங்கள், காலை 7:40

வண்டி ஏசியான்னு கேட்டுக்கோ. 2025 அக்டோபர்ல இருந்து தயாரிக்கற லாரி கேபின்ல ஏசி கட்டாயம். பழைய வண்டின்னா சித்திரைல நாக்பூர் போறதுக்கு முன்னாடி ரெண்டுதரம் ரோசிச்சுக்கோ.


ஆறுசக்கரத்தான் | வியாழன், இரவு 10:05

ரெண்டு எடத்துலயும் கேட்டுட்டேனுங்க. தாள்ல எழுதி வெச்சுக்கிட்டுத்தான் போனேன், கை நடுங்கிச்சு.

கம்பெனில நெலையான சம்பளம் பதினாறு, மிச்சம் கிலோமீட்டர் படியாம். இ.எஸ்.ஐ., பி.எஃப். உண்டு. லோடு எறக்க லேட்டானா என்னன்னு கேட்டேன். "அது ஆபரேஷன்ஸ்ல கேக்கணும் ப்ரோ, கேட்டுட்டு கூப்புடறேன்"னான். போன மாசம் ஒரு டிரைவர் கைக்கு வந்தது எவ்வளவுன்னு கேட்டதுக்கும் அதே பதிலு. செவ்வாய்க்கெழமை சொன்னது, இன்னும் கூப்புடல.

சங்ககிரி மொதலாளி நான் நிக்கற நாளப் பத்திக் கேட்டதும் சிரிச்சுட்டாப்ல. "இதையெல்லாம் ஆருடா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"ன்னாரு. அப்பறம் நாலாவது நாள்ல இருந்து நானூறுன்னாரு. ஓவர்லோடு எடுக்கமாட்டேன்னேன், எங்க வண்டிக்கு அந்தப் பழக்கம் இல்லைன்னாரு. மைலேஜ் மூணு புள்ளி மூணுன்னு ஆரம்பிச்சு, அளந்து பாத்துக்கலாம்னதும் சரின்னுட்டாரு. பாலிசி காட்டுங்கன்னதுக்குத்தான் கொஞ்சம் மூஞ்சி மாறுச்சு. ஊட்டுக்குள்ள போயி கொண்டாந்தாரு. சம்பள டிரைவர்ங்கற வரி இருந்துச்சு.

ஏட்டுல எவ்வளவுன்னு கேட்டேன். அதுக்குத்தான் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "ஆடிட்டர்கிட்ட கேக்கோணும்"னாரு. அவரு ஊட்டம்மா உள்ளாற இருந்து "பன்னண்டாயிரம் பேங்க்ல போட்டுட்டு மிச்சத்தப் படியாக் குடுங்க, இதுக்கு என்ன ஆடிட்டரு"ன்னாங்க. அக்கா சொன்ன பதினஞ்சு இல்லைங்க. ஆனா எட்டும் இல்ல.

திங்கக்கெழமை ஏறறேன். ஜவ்வரிசி, புனே.


டிரைவர் ஊட்டம்மா | வியாழன், இரவு 10:20

அந்தப் பன்னண்டு மொத மாசம் பேங்க்ல ஏறுச்சான்னு பாத்துட்டு இங்க வந்து சொல்லோணும் தம்பி.


சங்ககிரி பெருசு | வியாழன், இரவு 10:41

என்ற ஏட்டுல ஆறாயிரத்து ஐந்நூறு அம்மிணி. பேசிட்டு இருக்கறோம்.

கண்ணு, ஏறறப்ப தார்பாய் எத்தனை, கயிறு எத்தனை, ஜாக்கி, ஸ்டெப்னி, டூல்ஸ் எல்லாம் எண்ணி, படம் புடிச்சு மொதலாளிக்கு வாட்சப்ல போடு. டயர் நம்பரையும் சேத்துக்கோ. புனேல எறக்குனதும் ரிட்டன் வெங்காயம்னு சொல்லுவாங்க. தார்பாய்ல ஓட்டை இருந்தா இப்பவே ஒட்டிப்போடு.